காய்ச்சல் கண்ட ஃபைல்கள்

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், நிராகரித்த ஃபைல்களை அடுக்கி வைக்கும் அறையில், மேலிருந்து இரண்டாவது தட்டில் கிடந்த ஒரு ஃபைலுக்குக் காய்ச்சல் வந்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. ஒன்றும் கிடைக்கவில்லை. அதை விடுங்கள்.

கண்டுபிடித்தது ஜெபமாலை. இருபத்தாறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டு இங்கே வந்தவள். நிராகரித்த ஃபைலில் முத்திரை குத்தி, எண் பார்த்துத் தட்டில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நர்ஸ் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் அலுவலகத்தில் எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்குத் தட்டைத் துடைக்கப் போனவள் கை பட்டதும் நின்றாள். புறங்கையை வைத்துப் பார்த்தாள். நெற்றியில் வைப்பதுபோலத்தான் வைத்தாள், வேறெப்படி வைக்கத் தெரியும். கைப்பையில் எந்நேரமும் கிடக்கும் தெர்மாமீட்டரை எடுத்து உதறி, ஃபைலின் இரண்டு அட்டைக்கும் நடுவே இடுக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நூத்தி ஒண்ணு” என்றாள் தனக்குத்தானே. பிறகு கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து ஃபைல் மேல் போட்டுவிட்டு, மிச்சத் தட்டையும் துடைத்து முடித்தாள்.

அந்த ஃபைல் ஆண்டிப்பட்டிப் பக்கத்து வாத்தியார் ஒருவருடையது. டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லி இயந்திரம் நிராகரித்திருந்தது.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு எட்டு டாக்டர்கள் உட்கார்ந்து படித்துப் பார்த்து ஆகும் ஆகாது என்று சொன்ன வேலையை, இரண்டு வருடமாக அது ஒன்றே பார்த்தது. தலைமை அலுவலகம் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தது. யார் வாயிலும் நுழையவில்லை. கீழே டீக்கடை போட்டிருந்த சிக்கந்தர் பாய் ஒருநாள் டீ கொடுக்க மேலே வந்தபோது, அதற்கென்று தனியறை, தனி ஏசி, கதவைத் திறந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை, எதிர்த்துப் பேசக் கூடாது என்ற உத்தரவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “என்னங்கடா, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கீங்க” என்றார். அன்று முதல் அது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வேலைக்காரன்தான். அதை மறுக்கக் கூடாது. எட்டு டாக்டர்களும் எட்டு நாளில் பார்த்ததை அரைமணியில் பார்த்தது, டீ கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை, சிபாரிசுக்கு மசியவில்லை. ஆகும் என்று சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆகாது என்று சொன்னதில்தான் வில்லங்கம். அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. மூக்கை அழகுபடுத்திக்கொண்டு பைக்கிலிருந்து விழுந்தேன் என்று எழுதிக் கொடுத்தவரின் ஃபைல் வருடக்கணக்கில் ஜில்லென்றுதான் கிடந்தது. அநியாயமாக ஆகாது என்று சொல்லப்பட்டவை மட்டும் சுட்டன.

எட்டு டாக்டர்களில் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. நிராகரிப்புக் கடிதத்தின் அடியில் ஒரு டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று பாலிசியின் கடைசிப் பக்கத்தில் இருந்ததால் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டாக்டர் அருமைநாயகம். முப்பது வருடம் தாலுகா ஆஸ்பத்திரிகளில் கத்தி பிடித்தவர். அவரிடம் ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு தடவை கையெழுத்து வாங்கி, அதைப் படம் எடுத்துக்கொண்டு, எல்லாக் கடிதத்திலும் மாப்பிள்ளையே அச்சடித்துக்கொண்டது. டாக்டர் காலையில் வருவார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செய்தித்தாளைக் கடைசி வரி வரை படிப்பார், சாயங்காலம் போவார். யாராவது வணக்கம் சொன்னால் “ம்” என்பார்.

முதல் ஃபைல் சுட்ட ஒரு வாரத்தில் நாற்பது ஃபைல் சுட்டது. காலையில் அடங்கிக் கிடந்து பொழுது சாயச் சாய ஏறுகிற ஃபைல்கள் இருந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்கி இரும்புத் தட்டையே கடகடவென்று ஆட்டுகிற மலேரியா ஃபைல் ஒன்று இருந்தது. அம்மை போட்ட ஒரு பிள்ளையின் ஃபைலுக்கு வாட்ச்மேன் பால்ச்சாமி எங்கிருந்தோ ஒரு கொத்து வேப்பிலை கொண்டுவந்து வைத்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனான். புகை வருமோ என்று பயந்து தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வந்து தொட்டுப் பார்த்து, இது தீ இல்லை, காய்ச்சல், எங்கள் இலாகா இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாய் கடையில் ஆளுக்கொரு வடை தின்றுவிட்டுப் போனார்கள்.

கிளை மேலாளர் கோதண்டம் சென்னையிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை. எதையும் ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர். அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள், ஃபைலின் வெப்பநிலையைத் தினமும் தனிக் கட்டத்தில் பதியவும் என்று பதில் போட்டார்கள். ஆக, ஜெபமாலை தினமும் பதினோரு மணிக்குத் தெர்மாமீட்டரோடு தட்டுத் தட்டாகப் போய்ப் பதிந்தாள். செய்தி வெளியே பரவ எத்தனை நேரம்? பாலிசிக்காரர்களின் சொந்தபந்தங்கள் பதினோரு மணிக்கு பாய் கடை முன்னால் கூடினார்கள். ஜெபமாலை இறங்கி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து வாசிப்பாள்.

“சோழவந்தான் முத்துவீரன். நூறு புள்ளி நாலு. நேத்தைக்குத் தேவலை.”

“கஞ்சி கிஞ்சி குடுக்கணுமா சிஸ்டர்?”

“ஃபைலுக்கா? ஆளுக்குக் குடுங்க, போங்க.”

அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அவள் வாசித்து முடித்ததும் டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். நம் சீக்கு இன்னொருத்தர் கைக்குச் சுடுகிறது என்பதிலேயே பாதி ஆறுதல். ஆனால் ஆறுதல் வேறு, அனுமதி வேறு. மாப்பிள்ளை ஆகாது என்றால் ஆகாதுதான்.

தலைமை அலுவலகத்தில் ஒரு புத்திசாலி இருந்தான். எங்கும் ஒருத்தன் இருப்பான். அநியாயமாகத் தள்ளிய ஃபைல்தான் சுடுகிறது என்றால் அந்தச் சூட்டையே மாப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் என்ன என்று அவன் யோசித்து, ஒவ்வொரு தட்டிலும் சூட்டைக் காட்டும் ஒரு கருவியைப் பொருத்தி, வயர் இழுத்து, நூறைத் தாண்டினால் மறுபடி பார்த்து அனுமதி கொடு என்று சொல்லிவைத்தான். நல்ல யோசனைதான். பத்து நாள் நன்றாகவே நடந்தது. அந்த டெங்கு வாத்தியாருக்கே அதில்தான் கிடைத்தது.

பதினோராம் நாளிலிருந்து, பாலிசி பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் புதிதாகக் கொடுக்கும் ஃபைலையே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார்கள். சிலர் மொட்டை மாடியில் காய வைத்து, சிலர் டிபன் கேரியருக்கு அடியில் வைத்து. ஒருவர் தலைமுடி நட்டுக்கொண்டதற்கான ஃபைலை இட்லிப் பானையில் அவித்தே கொண்டுவந்துவிட்டார், ஆவி பறந்தது, மாப்பிள்ளை அனுமதி கொடுத்தது. உடனே புத்திசாலி, நூற்று மூன்றுக்கு மேல் போனால் மோசடி, அதற்குக் கீழே என்றால் கவனிப்பில் மட்டும் வை, சூட்டுக்காக அனுமதி கொடுக்காதே என்று மாற்றினான். அன்று நிஜமாகவே நூற்று நான்கில் கொதித்துக்கொண்டிருந்த இரண்டு ஃபைல்கள் மோசடித் தட்டுக்குப் போயின.

ஜெபமாலை மேலாளர் அறைக்குப் போய் நின்றாள். “சார், இஸ்திரிச் சூடு மேலாக்க இருக்கும். கைய எடுத்தா போயிரும். காய்ச்சல் உள்ள இருந்து வரும். ஒருதரம் தொட்டுப் பாருங்க, தெரியும்.”

“உள்ள இருந்துன்னா எத்தனை பாயின்ட் சிஸ்டர்?” என்றார் கோதண்டம், பேனாவைத் திறந்தபடி.

“பாயின்ட் இல்ல சார்.”

“பாயின்ட் இல்லாம நான் என்னன்னு எழுதுறது?”

அவர் நியாயத்துக்கு அவர் கேட்டார். அவள் வந்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒச்சம்மாளின் ஃபைல் வந்தது. கரட்டுப்பட்டிக்காரி, நூல் மில்லில் வேலை, முப்பத்தெட்டு வயது. பித்தப்பையில் கல். சோறு இறங்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகுக்குப் போகிறது, உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. ஒரே நிமிடத்தில் ஆகாது என்று வந்தது. காரணம் இதுதான்: சேர்த்த அன்று டியூட்டி டாக்டர் வயிற்றைப் படமாக வரைந்து, தொப்புளுக்கு மேலே மூன்று பழைய தழும்பு என்று மூன்று புள்ளி வைத்திருந்தார். மாப்பிள்ளை அந்தப் புள்ளிகளைப் பார்த்தது. சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கும்போது அப்படித்தான் மூன்று நான்கு தழும்பு விழும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே இந்த அம்மாளுக்கு முன்பே பித்தப்பை எடுத்தாகிவிட்டது, அதை மறைத்திருக்கிறார், கல் இருப்பதாகக் காட்டும் ஸ்கேன் வேறு யாருடையதோ, இல்லாத உறுப்புக்குச் சிகிச்சை கேட்கப்படுகிறது, நிராகரிக்கப்படுகிறது. கீழே அருமைநாயகம் கையெழுத்து.

அவள் புருஷன் தவமணி மினிபஸ் ஓட்டுகிறவன். முதல் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து பாய் கடை முன்னால் நின்று, “சிஸ்டர், என் பொண்டாட்டிக்குப் பித்தப்பையே இல்லேங்கிறாங்களே, எடுத்தா எனக்குச் சொல்லாமயா எடுத்திருப்பா?” என்று கேட்டபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. ஃபைல் நூற்றிரண்டு. மூன்றாம் நாளும் நூற்றிரண்டு. அனுமதி வர வேண்டும், இல்லை முன்பணம் கட்ட வேண்டும், அதுவரை மருந்து மட்டும்தான் ஏற்றுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. அதையும் மாப்பிள்ளைதான் படித்தது. அதே பதிலை இன்னும் மரியாதையாக எழுதி அனுப்பியது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜெபமாலை தெர்மாமீட்டரோடு தட்டுக்குப் போகும் முன்பே சூட்டுக் கருவிகளின் வயர் போய்ச் சேரும் சுவர்ப் பலகையில் ஒச்சம்மாள் எண்ணுக்கு நேரே பச்சை விளக்கு எரிந்து, பக்கத்தில் எழுத்து ஓடியது. சூடு தணிந்தது. கவனிக்கத் தேவையில்லை. முடிக்கப்பட்டது.

“பாத்தீங்களா சிஸ்டர், அதுவா சரியாயிருச்சு” என்றார் கோதண்டம், உண்மையான சந்தோஷத்தோடு.

ஜெபமாலை ஃபைலைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். ஜில்லென்று இருந்தது, அட்டை முழுக்க நீர் கோத்து, விரல் வழுக்கியது. பச்சை மண்ணைத் தொட்டது மாதிரி. இருபத்தாறு வருடத்தில் எத்தனை கட்டிலில் எத்தனை நெற்றியில் இதே ஈரத்தைத் தொட்டிருப்பாள், காய்ச்சல் விட்டுருச்சு என்று வீட்டுக்காரர்கள் முகம் மலர்ந்து நிற்கும்போது டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பாள். குணமாகிற உடம்பு வேர்த்து விட்டுக் கதகதப்பாக இருக்கும். இது அந்த வேர்வை இல்லை. இது உள்ளே விளக்கு அணைகிற குளிர்ச்சி.

முழங்கால் இருக்கிறதை மறந்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்துக்கு நடந்தாள்.

“டாக்டர், இத ஒருதரம் தொடுங்க.”

அருமைநாயகம் செய்தித்தாளை இறக்கவில்லை. “என் கையெழுத்து இப்ப ஒரு படம். அந்தப் படத்துக்கிட்டப் போய்ச் சொல்லு.”

“படத்துக்குக் கையில்ல டாக்டர். உங்களுக்கு இருக்கு.”

“ரெண்டு வருஷமா இல்ல.”

“அப்ப அந்தப் பேப்பரை எதுல பிடிச்சிருக்கீங்க?”

அவர் தாளை இறக்கினார். இப்படி யாரும் அவரிடம் பேசி நாளாயிற்று. அவள் ஃபைலை அவர் மடியில் வைத்துவிட்டாள். வைத்ததும் அவர் கை தானாகப் போய், அட்டையின் ஓரத்தில் மூன்று விரலால் நாடி பிடிப்பது போலப் பிடித்தது. முகம் மாறியது.

“இந்த ஃபைலுக்கு யாரு வந்திருக்கா?”

கீழே பாய் கடையில் நின்ற தவமணியைக் கூட்டி வந்தார்கள். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டான்.

“கும்பிடெல்லாம் அப்புறம். காலையில பாத்தியா அவள? எப்படி இருக்கா?”

“வலி இல்லங்கய்யா இப்ப. சத்தமே போடல. நேத்துப் பூராக் கத்திக்கிட்டுக் கெடந்தா. காய்ச்சலும் விட்டுருச்சு.”

“ஒன்னுக்குப் போனாளா?”

“நேத்து மத்தியானம் போனதுங்கய்யா.”

“பேசினாளா?”

தவமணி தயங்கினான். “பேசினா. ஆனா... நான் யாருன்னு கேட்டா. வெளையாடுறான்னு நெனச்சேன்.”

அருமைநாயகம் எழுந்தார். “பித்தப்பை அழுகிப்போச்சு” என்றார். “ஜெபமாலை, ஆஸ்பத்திரி நம்பரைப் போடு. ஏப்பா, உனக்கு வந்த அந்த லெட்டரக் கொண்டா. என்னத்தச் சொல்லித் தள்ளிச்சு அது?”

கடிதத்தை வாசித்தார். தன் கையெழுத்து வரை வாசித்தார். பிறகு வயிற்றுப் படத்தையும் மூன்று புள்ளிகளையும் பார்த்தார். பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“மாந்தச் சூடுய்யா இது!”

“என்ன சூடு?” என்றார் கோதண்டம், அறை வாசலிலிருந்து.

“கைப்பிள்ளை பால் கக்கினா, வயிறு உப்பினா, அழுத அழுகையை நிப்பாட்டலைன்னா, இந்தப் பக்கத்துல மஞ்சள் கொம்பைச் சுட்டுத் தொப்புளுக்கு மேல மூணு பொட்டு வச்சிருவாங்க. வைக்கக் கூடாது, வச்சிருவாங்க. நான் முப்பது வருஷம் திட்டிக்கிட்டே இருந்தேன், கேக்கலை. நான் திறந்த வயித்துல பாதி வயித்துல இந்த மூணு பொட்டு இருந்துச்சு.”

“எனக்கும் இருக்கு. காட்டமாட்டேன்” என்றாள் ஜெபமாலை, ரிசீவரைக் காதில் வைத்தபடியே.

டீ எடுத்து வந்த சிக்கந்தர் பாய் தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கினார். மூன்று பொட்டு, நரைத்த முடிக்கு நடுவே. பால்ச்சாமி யூனிஃபார்மைத் தூக்கினான். மூன்று. தவமணி தூக்கினான். மூன்று. கணக்குப் பிரிவில் இருந்த இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்காமலேயே எழுந்து வந்து தூக்கினார்கள். ஒருவருக்கு நான்கு, ரொம்ப அழுத பிள்ளை போலிருக்கிறது. மூன்றாவது மாடி முழுக்கத் தொப்பையும் தழும்புமாக நின்றது. கோதண்டம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவருக்கு மட்டும் இல்லை. அவர் சென்னையில் பிறந்தவர்.

“ஆக, உங்க மாப்பிள்ளை சொல்றபடி பார்த்தா இங்க எவனுக்கும் பித்தப்பை கிடையாது” என்றார் டாக்டர். “எவனும் சோறு செரிச்சதில்ல.”

“டாக்டர், எனக்குப் புரியுது” என்றார் கோதண்டம். நிஜமாகவே புரிந்திருந்தது, பாவம். “ஆனா முடிஞ்ச கேஸைத் திறக்க சிஸ்டத்துல வழியே இல்ல. அந்த மாதிரி ஒரு பட்டனே கிடையாது.”

“பேனா இருக்கா?”

“இருக்கு.”

“கொடு.”

அருமைநாயகம் அந்த நிராகரிப்புக் கடிதத்தையே திருப்பிப் போட்டு, நனைந்த அட்டையின் மேல் வைத்து, பின்பக்கத்தில் எழுதினார். ஒச்சம்மாளுக்கு அறுவை சிகிச்சைக்கு அனுமதி. உடனே செய்யவும். தழும்புகள் குழந்தைப் பருவத்தில் சூடு போட்டவை, நான் அறிவேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போன இடத்தில் கை நின்றது. இரண்டு வருடமாகப் போடாத கையெழுத்து. முதல் எழுத்து கோணலாக வந்தது. மிச்சம் தானாக வந்தது. படத்தில் இருந்ததுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“இது தப்பா இருந்தா டாக்டர்?” என்றார் கோதண்டம், மெதுவாக.

“தப்பா இருந்தா என் தப்பு. நேரா வந்து என் சட்டையப் பிடிக்கலாம். பிடிச்சிருக்காங்க, ரெண்டு தடவை. ஒருதடவை பிடிச்சது சரிதான். அதுக்கப்புறம் ராத்திரி தூக்கமில்ல, அடுத்த ஆளைப் பாக்கும்போது கை இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாச்சு. அது உள்ள உக்காந்திருக்கே, அதுக்குச் சட்டை இருக்கா?”

கோதண்டம் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். தன் அறைக்குப் போய், கிளை முத்திரையை எடுத்து வந்து, டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். எந்தக் கட்டத்திலும் இல்லாமல், வெறும் தாளில்.

ஜெபமாலை ரிசீவரை நீட்டினாள். மறுமுனையில் ஆஸ்பத்திரி சர்ஜன். “தம்பி, அருமைநாயகம் பேசறேன். லெட்டர் போட்டோவா வந்துக்கிட்டிருக்கு. நீ அதைப் பாத்துக்கிட்டு நிக்காத, ஆளைப் பாரு. பிரஷர் எவ்வளவு... நெனச்சேன். கொண்டு போ உள்ள.”

தவமணி படியில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை விழுந்து எழுந்தான் போலிருக்கிறது.

பன்னிரண்டே காலுக்கு ஒச்சம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். ஜெபமாலை ஃபைலைத் தட்டில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, பழைய துண்டு ஒன்றைச் சுற்றி, ஃபைல் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வேலை நடந்தது, ஆனால் நடந்துபோகிற ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நின்று, குனிந்து, துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மணிக்குப் பனிக்கட்டி. ஒன்றரைக்கும் அதேதான். பாய் சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து படியில் உட்கார்ந்து, தஸ்பி மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பால்ச்சாமி நேர்ந்துகொண்டான், யாருக்கென்று சொல்லவில்லை. அருமைநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். செய்தித்தாள் மேஜையில் மடித்தபடி கிடந்தது.

இரண்டே முக்காலுக்கு கோதண்டம் வந்தார். சுற்றிலும் பார்த்தார். முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றி, கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் தடவையாக ஒரு ஃபைலைத் தொட்டார்.

“சிஸ்டர்” என்றார். “இது... இது இஸ்திரி இல்லையே?”

ஜெபமாலை புறங்கையை வைத்தாள். அட்டை காய்ந்திருந்தது. உள்ளிருந்து, ரொம்ப ஆழத்திலிருந்து, தூங்குகிற பிள்ளையின் கழுத்துச் சூடு மாதிரி ஒன்று மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

“இல்ல சார். இதுதான் நான் சொன்ன உள்சூடு.”

போன் அடிக்கும்போது அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாப்பிள்ளையை யாரும் தூக்கி எறியவில்லை. எறியவும் வேண்டாம். அதே அறை, அதே ஏசி. ஆகும் என்று சொல்லும் வேலையை அதற்கே விட்டார்கள், அதை அது மளமளவென்று செய்தது. ஆகாது என்று சொல்வது மட்டும், ஃபைலைக் கையில் எடுத்துப் படித்து, வேண்டுமானால் போன் போட்டுப் பேசி, தன் பெயரைத் தானே எழுதும் ஓர் ஆளிடம் போக வேண்டும் என்று கோதண்டம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தக் கட்டமும் இல்லாத கடிதம். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை அந்தக் கடிதத்துக்கே காய்ச்சல் வந்து, தலைமை அலுவலகத்தில் புத்திசாலியின் மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டதாகப் பேச்சு. எப்படியோ, ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பியவர்களில் மூன்று டாக்டர்கள் திரும்பி வந்தார்கள். அருமைநாயகம் சிலதைத் தள்ளவும் செய்தார். தள்ளியதை ஆளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொன்னார். திட்டு வாங்கினார். அந்த ஃபைல்கள் சுடவில்லை. ஒன்று மட்டும் லேசாகச் சுட்டது. எடுத்து மறுபடி படித்தார்.

புரட்டாசி கடைசியில் ஒருநாள் தவமணி மினிபஸ்ஸை அலுவலகத்துக்கு எதிரிலேயே நிறுத்தி, பயணிகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒச்சம்மாளை மூன்று மாடியும் ஏற்றிக் கூட்டி வந்தான். மெலிந்திருந்தாள், ஆனால் வாய் பழையபடிதான் என்று தவமணி முன்கூட்டியே எச்சரித்தான்.

“இதுல யாரு எனக்குப் பித்தப்பை இல்லேன்னு சொன்னது?” என்றாள் அவள், வாசலில் நின்றே.

எல்லாரும் ஏசி அறையைக் காட்டினார்கள். அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை. “இதுக்கிட்ட என்னத்தப் பேசறது” என்று திரும்பினாள். “ஆளுன்னு யாரு இருக்கா?”

கோதண்டம் எழுந்து நின்றார். தான்தான் என்றார். அப்படிச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, சொன்னார்.

“கைய நீட்டுங்க சார்.”

நீட்டினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். கொண்டைக்கடலை அளவில் ஒன்றிரண்டு, மிளகு அளவில் மிச்சம், பச்சையும் பழுப்புமாகப் பதினேழு கல்.

“இல்லாத பையில இருந்து எடுத்தது” என்றாள். “எங்க வச்சுப் பதிவீங்களோ, பதிஞ்சுக்கங்க.”

கீழே மினிபஸ்ஸில் யாரோ பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். கோதண்டம் விரல்களை மடக்கவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை. அந்தக் கற்களின் கனம் முழங்கை வரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.